கணிப்பொறி விளையாட்டில் படம் ஏன் திக்குகிறது?

திரைப்படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கதாநாயகன் ஓடுகிறான். உண்மையில் திரையில் எதுவும் ஓடவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வினாடிக்கு 24 நிலைப்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகின்றன. நம் கண்ணும் மூளையும் சேர்ந்து அவற்றை ஓட்டமாக்கிக்கொள்கின்றன. கணிப்பொறி விளையாட்டிலும் நடப்பது இதுவே. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. திரைப்படத்தின் படங்கள் என்றோ எடுத்து முடிக்கப்பட்டவை. விளையாட்டின் படங்களோ நீங்கள் விசையை அழுத்திய பின்னர்தான் வரையப்பட வேண்டும். நீங்கள் இடப்பக்கம் திரும்புவீர்களா, வலப்பக்கம் திரும்புவீர்களா என்பது கணிப்பொறிக்கு முன்கூட்டித் தெரியாதல்லவா?

வீடுகளில் உள்ள கணிப்பொறித் திரைகளில் பெரும்பாலானவை வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிப்பவை. ஒரு வினாடியை 60ஆல் வகுத்தால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி வினாடி. வழக்கமான திரையில் குறுக்கே 1920 புள்ளிகள், மேலிருந்து கீழே 1080 புள்ளிகள். பெருக்கிப் பாருங்கள், 20,73,600 புள்ளிகள்! இத்தனை புள்ளிகளுக்கும் என்ன நிறம் என்பதை 16.7 மில்லி வினாடிக்குள் தீர்மானித்தாக வேண்டும். இந்த நேரம் 33 மில்லி வினாடியாக நீண்டால் வினாடிக்கு 30 படங்களே கிடைக்கும். 50 ஆனால் 20 படங்கள்தாம். அப்போதுதான் "கேம் ஸ்ட்ரக் ஆகுது" என்று நீங்கள் சலித்துக்கொள்கிறீர்கள்.

இதற்கு மருந்து என்ன என்று நண்பர்களைக் கேட்டால், "நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போடு" என்று ஒரே குரலில் சொல்வார்கள். சொல்வது எளிது. ஒரு நல்ல கார்டின் விலை பல வீடுகளில் ஒரு மாத மளிகைச் செலவையும் தாண்டிவிடும். அப்பாவிடமோ அம்மாவிடமோ அவ்வளவு பணம் கேட்பதற்கு முன், கணிப்பொறியில் தாமதம் எந்த இடத்தில் உண்டாகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. பள்ளி ஆய்வகத்தில் நீங்கள் கற்ற முறையே போதும்.

பூரி சுடும் இருவர்

ஓர் உணவு விடுதியின் சமையலறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவர் பூரி தேய்த்துக் கொடுக்கிறார். மற்றவர் அதை எண்ணெயிலிட்டுப் பொரித்தெடுக்கிறார். தேய்க்க 12 வினாடி, பொரிக்க 30 வினாடி எனக் கொள்வோம். எத்தனை வினாடிக்கு ஒரு பூரி வெளிவரும்? 42 என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு பூரி எண்ணெயில் இருக்கும்போதே அடுத்தது தேய்க்கப்பட்டுவிடுகிறது. ஆகவே 30 வினாடிக்கு ஒன்று. இருவரில் யார் மெதுவோ அவருடைய நேரம்தான் கணக்கு. தேய்ப்பவர் எவ்வளவு வேகமாகத் தேய்த்தாலும் தட்டில் பூரி கூடாது. தேய்த்தவை குவிந்து கிடக்கும், அவ்வளவே.

கணிப்பொறியிலும் இப்படி இருவர் உள்ளனர். மையச் செயலகம், அதாவது பிராசஸர், முதல் ஆள். எந்த வண்டி எங்கே நகர்ந்தது, குண்டு சுவரில் பட்டதா, எதிரி என்ன செய்யப் போகிறான் என்பவற்றையெல்லாம் கணக்கிட்டு, "இன்னின்ன பொருளை இன்னின்ன இடத்தில் வரை" என்ற ஆணைப்பட்டியலைத் தயாரிப்பது இதன் வேலை. அந்தப் பட்டியலை வாங்கிப் புள்ளி புள்ளியாக நிறம் தீட்டுவது இரண்டாம் ஆளான கிராஃபிக்ஸ் செயலகம். இது தனிக் கார்டில் இருக்கலாம். மையச் செயலகத்தின் சில்லுக்குள்ளேயே குடியிருக்கவும் செய்யலாம். இவ்விருவரில் மெதுவானவருக்கு உதவி செய்தால்தான் படங்களின் எண்ணிக்கை உயரும்.

எங்கள் கல்லூரியில் முதலாண்டு மாணவர் ஒருவர் விடுமுறையில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு கார்டு வாங்கிப் பொருத்தினார். அவர் விரும்பி ஆடுவது, பெரிய நகரத்தில் நூற்றுக்கணக்கான வண்டிகளும் மனிதர்களும் நடமாடும் விளையாட்டு. பழைய கார்டில் வினாடிக்கு 38 படங்கள் வந்தன; புதியதில் 40. கார்டு பழுது என்று எண்ணிக் கடைக்கு எடுத்துச் சென்றார். கடைக்காரர் அதை வேறொரு கணிப்பொறியில் பொருத்திக் காட்டினார், அருமையாக ஓடியது! அவருடைய கணிப்பொறியில் பொரிப்பவர் மெதுவாக இல்லை, தேய்ப்பவர்தான் மெதுவாக இருந்தார். பத்து நிமிடம் செலவிட்டிருந்தால் இதை முன்பே அறிந்திருக்கலாம்.

அந்தப் பத்து நிமிடச் சோதனை இதுதான். விண்டோஸ் கணிப்பொறியில் விண்டோஸ் விசையையும் ஜி விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பலகை தோன்றும். வினாடிக்கு எத்தனை படங்கள் என்பதை அதிலேயே காணலாம். விளையாட்டின் அமைப்புப் பகுதியில் 'வி-சிங்க்' என்பதையும், படங்களின் எண்ணிக்கைக்கு விதித்துள்ள எல்லையையும் நிறுத்திவிடுங்கள். விளையாட்டில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதே பாதையில் மும்முறை சென்று எண்ணிக்கையைக் குறித்துச் சராசரி எடுங்கள். பிறகு வேறு எதையும் மாற்றாமல் படத்தின் அளவை மட்டும் 1920 × 1080 என்பதிலிருந்து 1280 × 720 ஆகக் குறைத்து, அதே பாதையில் மீண்டும் செல்லுங்கள். ஒரு மாறியை மட்டும் மாற்று, மற்றவற்றை மாறிலியாக வை என்று தனி ஊசல் சோதனையில் உங்கள் ஆசிரியர் சொன்னது நினைவிருக்கிறதா?

புள்ளிகள் இப்போது 9,21,600 ஆகிவிட்டன. முன்பிருந்ததில் 2.25இல் ஒரு பங்கு. நிறம் தீட்டுபவருக்குச் சுமை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆணைப்பட்டியல் எழுதுபவருக்கோ ஏறத்தாழ அதே சுமைதான். வண்டிகளின் எண்ணிக்கை குறையவில்லையே! எனவே படங்களின் எண்ணிக்கை நன்றாக உயர்ந்தால் தாமதம் கிராஃபிக்ஸ் செயலகத்தில் இருக்கிறது. எண்ணிக்கை அசையாமல் நின்றால் குற்றம் பெரும்பாலும் மையச் செயலகத்தினுடையது, நினைவகமாகவும் இருக்கலாம். சரியாக 2.25 மடங்கு உயரவேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். புள்ளிகளைச் சாராத வேலைகளும் கிராஃபிக்ஸ் செயலகத்துக்கு உண்டு.

ஒரு எச்சரிக்கை. மையச் செயலகம் 40 விழுக்காடுதான் வேலை செய்கிறது என்று கணிப்பொறி காட்டுவதை நம்பி, "அது சும்மாதானே இருக்கிறது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான்கு உட்கருக்கள் கொண்ட செயலகத்தில் ஒன்று மட்டும் மூச்சு முட்ட உழைத்து, மற்ற மூன்றும் ஓய்ந்திருந்தால் அது 25 விழுக்காடு என்றே காட்டும். சராசரி பல நேரங்களில் உண்மையை மறைக்கும். ஆகவேதான் புள்ளிகளைக் குறைக்கும் சோதனை இதைவிட நம்பகமானது.

பைசா செலவில்லாத சிகிச்சை

உங்கள் விளையாட்டு முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, அதன்பின் திக்கத் தொடங்குகிறதா? அப்படியானால் எந்தப் பொருளும் வாங்க வேண்டாம். நோய் வெப்பம்.

மையச் செயலகத்தில் நூறு கோடிக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் நுண்ணிய மின்தேக்கி போல மின்னேற்றம் பெற்று, இழந்து, மறுபடி பெறுகிறது. மின்தேக்கியில் சேரும் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்று மேல்நிலை வகுப்பில் படிப்பீர்கள். இது வினாடிக்குப் பல நூறு கோடி முறை நடப்பதால், செலவாகும் திறன் மின்னழுத்தத்தின் இருமடியையும் அதிர்வெண்ணையும் பொறுத்தது. அத்தனையும் கடைசியில் வெப்பமாகிறது. 65 வாட் செயலகம் என்றால் 65 வாட் குண்டு பல்பின் வெப்பம் ஒரு தபால்தலை அளவுள்ள சில்லிலிருந்து வெளியேற வேண்டும்.

வெளியேறாவிட்டால் என்ன ஆகும்? செயலகம் எரிந்துவிடாது, தன்னைத்தானே காத்துக்கொள்ளும். பல இன்டெல் செயலகங்களில் வெப்பநிலை ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை எட்டியதும் அதிர்வெண்ணும் மின்னழுத்தமும் தாமாகவே குறைக்கப்படுகின்றன. மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தாலே 0.9 × 0.9 = 0.81, திறனில் 19 விழுக்காடு மிச்சம். சில்லு பிழைத்துக்கொள்கிறது, உங்கள் விளையாட்டுத்தான் திக்குகிறது. சித்திரை வெயிலில் நடப்பவர் நடையைத் தளர்த்துவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இங்கே நம் ஊர் வெயிலுக்கும் பங்குண்டு. குறிப்பிட்ட வாட் வெப்பத்தை வெளியேற்றும்போது செயலகம் அறையைவிட எத்தனை டிகிரி உயர்ந்து நிற்கும் என்பதைத்தான் குளிர்விப்பான் தீர்மானிக்கிறது. அந்த உயர்வு 60 டிகிரி என்றால், 25 டிகிரி அறையில் செயலகம் 85 டிகிரியில் இருக்கும். மே மாதம் வேலூரில் 40 டிகிரி அறையில் அதே செயலகம் 100 டிகிரியைத் தொட்டுவிடும். கணிப்பொறி அதேதான், விளையாட்டும் அதேதான். ஜனவரியில் ஓடியது மே மாதத்தில் ஓடவில்லை! கணிப்பொறியை மரமேசையின் மூடிய அறைக்குள் வைத்திருப்பவர்கள் அதை வெளியே எடுத்து வைத்தாலே சில டிகிரி குறையும்.

அடுத்து, தூசு. மின்விசிறியும் அலுமினியத் தகடுகளும் ஓராண்டில் கம்பளி போர்த்தியது போல ஆகிவிடும். மின் இணைப்பை நீக்கி, பக்கத் தகட்டைக் கழற்றி, மென்மையான தூரிகையால் துடையுங்கள். ஊதுகருவியைப் பயன்படுத்தினால் விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுழலவிட்டால் அச்சு கெடும். உள்ளே கை வைக்குமுன் பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். நைலான் சட்டை உராய்ந்து உங்கள் உடலில் சேரும் நிலைமின்சாரம் சில ஆயிரம் வோல்ட்டு வரை இருக்கக்கூடும். உங்களுக்கு அது சுருக்கென்ற ஒரு கடி, சில்லுக்கு மரணம்.

கணிப்பொறி ஐந்தாறு ஆண்டு பழையதென்றால் செயலகத்துக்கும் குளிர்விப்பானுக்கும் இடையிலுள்ள பசை காய்ந்திருக்கும். இந்தப் பசைக்கு என்ன வேலை? இரண்டு உலோகப் பரப்புகள் எவ்வளவு வழவழப்பாகத் தோன்றினாலும் நுணுக்கமாகப் பார்த்தால் மேடுபள்ளங்களே. பள்ளங்களில் காற்று நிற்கிறது. தாமிரத்தின் வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ 400, காற்றினுடையதோ 0.026 தான். பசை தாமிரத்துக்கு ஈடாகாது. ஆயினும் காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். பழையதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பச்சைப் பட்டாணி அளவு புதிய பசை வைத்தால் போதும். அதிகம் பூசினால் அதிகம் குளிரும் என்பது தவறு. பசையின் தடிமன் கூடினால் வெப்பத்துக்குத் தடையும் கூடும். பழக்கமுள்ள பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

வாங்கித்தான் தீரவேண்டும் என்றால்

ஓர் உண்மையான எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அலுவலகங்களில் ஓய்வு பெற்ற கணிப்பொறிகள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் மலிவாகக் கிடைக்கின்றன. பல மாணவர்களின் வீட்டில் இருப்பது இவ்வகைதான். 2015இல் வெளிவந்த இன்டெல் ஐ5-6500 செயலகம், நான்கு உட்கருக்கள், 8 ஜிகாபைட் நினைவகம் ஒரே பட்டையாக, சுழலும் ஹார்டு டிஸ்க். தனிக் கார்டு இல்லை. (இதற்கு விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் முறைப்படி ஆதரிப்பதில்லை, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்தது. வாங்குமுன் இதையும் எண்ணிப் பாருங்கள்.)

இதில் முதலில் நான் கை வைப்பது நினைவகத்தில்தான். ஏன் என்று கணக்கே சொல்லும். டிடிஆர்4-2133 வகைப் பட்டை வினாடிக்கு 213 கோடி முறை, ஒவ்வொரு முறையும் 8 பைட் அனுப்புகிறது. பெருக்கினால் ஏறத்தாழ 17 ஜிகாபைட். செயலகத்தில் இத்தகைய வழிகள் இரண்டு உள்ளன. பட்டை ஒன்றுதான் என்பதால் ஒரு வழி வெறிச்சோடிக் கிடக்கிறது. உரிய இடத்தில் அதே வகையில் இன்னொரு பட்டை செருகினால் 34 ஜிகாபைட் ஆகிவிடும். தனிக் கார்டு இல்லாத கணிப்பொறியில் தேய்ப்பவரும் பொரிப்பவரும் இந்த ஒரே நினைவகத்தைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றனர். ஆகவே சிறிய விலையில் பெரிய பயன் கிடைப்பது இங்கேதான். உங்கள் மதர்போர்டு ஏற்பது எந்த வகை என்று பார்த்து வாங்குங்கள். டிடிஆர்3 பட்டை டிடிஆர்4 இடத்தில் நுழையவே நுழையாது.

அடுத்தது எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகம். இதைப் பற்றி ஒரு மயக்கம் நிலவுகிறது. எஸ்எஸ்டி போட்டால் படங்களின் எண்ணிக்கை கூடும் என்பார்கள், கூடாது. பூரிக்கு வேண்டிய கோதுமை மாவு மூட்டையைக் கிடங்கிலிருந்து கொண்டுவரும் ஆள் அது. அதன் பயன் வேறிடத்தில் தெரியும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி எடுக்கும். தேடும் தகவல் ஊசிமுனைக்குக் கீழே வர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லி வினாடி காத்திருக்க வேண்டும். ஊசிமுனை நகர இன்னும் 9 மில்லி வினாடியளவு. ஆக 13 மில்லி வினாடி! ஒரு படத்துக்கு நமக்கு உள்ள நேரமே 16.7 அல்லவா? விளையாட்டின் நடுவே புதிய தெருவுக்குள் நுழையும்போது சட்டென்று ஒரு தடுக்கல் ஏற்படுவது இதனால்தான். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி அந்தத் தகவலை மில்லி வினாடியின் பத்தில் ஒரு பங்கில் தந்துவிடும்.

விளையாட்டு திறக்கும் நேரமும் குறையும். எவ்வளவு குறையும்? அமெரிக்கக் கணிப்பொறி வல்லுநர் ஜீன் ஆம்டால் 1967இல் எடுத்துரைத்த கருத்து இங்கே உதவும். திறக்க 90 வினாடி ஆகிறது. அதில் 60 வினாடி டிஸ்க்கைப் படிப்பதற்கும், 30 வினாடி படித்ததைச் செயலகம் விரித்து அடுக்குவதற்கும் என்று கொள்வோம். டிஸ்க்கின் வேலை 20 மடங்கு விரைவானாலும் 3 + 30 = 33 வினாடி. மொத்தத்தில் மூன்று மடங்குக்கும் குறைவான முன்னேற்றம். ஆயிரம் மடங்கு விரைவான சேமிப்பகத்தை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் 30 வினாடிக்குக் கீழே இறங்க முடியாது. எனவே சாதாரண எஸ்எஸ்டியே போதும். உயர்ந்த வகைக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

கார்டு கடைசியில் வருகிறது. சோதனையில் கிராஃபிக்ஸ்தான் குற்றவாளி என்று தெரிந்தால் மட்டும். அலுவலகக் கணிப்பொறியின் பவர் சப்ளை பெரும்பாலும் 180 முதல் 240 வாட் வரைதான் தரும். செயலகத்துக்கு 65, மற்றவற்றுக்கு 40 என்று ஒதுக்கினால் எஞ்சுவது அதிகமில்லை. மதர்போர்டின் செருகுவாய் ஒரு கார்டுக்கு 75 வாட் வரை வழங்கும். ஆகவே தனிக் கம்பி கேட்காத, 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டையே தேட வேண்டும். 2019இல் வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 அத்தகையது. அதன் தொடக்க வகையில் கார்டின் சொந்த நினைவகமே வினாடிக்கு 128 ஜிகாபைட் தரும். மேலே கண்ட 34உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் இதிலும் தனிக் கம்பி கேட்கும் வடிவங்கள் உண்டு. பெட்டி ஒல்லியானதென்றால் உயரம் குறைந்த வடிவமே நுழையும். கார்டைக் கேட்குமுன் அளவுகோலால் பெட்டியை அளந்துகொள்ளுங்கள்.

250 வாட் கார்டை எப்படியாவது பொருத்தலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 12 வோல்ட்டில் அது ஏறத்தாழ 21 ஆம்பியர் இழுக்கும். 75 வாட் கார்டு இழுப்பதோ 6 ஆம்பியர்தான். கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால் அது பத்து மடங்குக்கும் மேல் போகும். இதற்காகப் பெயர் தெரியாத மலிவு பவர் சப்ளையை வாங்கினால் கார்டு, மதர்போர்டு எல்லாவற்றையும் அது தன்னோடு சேர்த்து அழைத்துச் சென்றுவிடக்கூடும். மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். பழுதான பவர் சப்ளையின் உறையை ஒருபோதும் திறக்கவும் வேண்டாம். இணைப்பை நீக்கிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

இன்னொரு கண்ணியும் உண்டு. ஏஎம்டி நிறுவனம் 2022 ஜனவரியில் வெளியிட்ட ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற சில மலிவு கார்டுகள் மதர்போர்டுடன் 16 தடங்களில் பேசாமல் 4 தடங்களில் மட்டுமே பேசுபவை. புதிய மதர்போர்டில் ஒரு தடம் வினாடிக்கு 2 ஜிகாபைட் கொண்டுசெல்லும். 2015இன் மதர்போர்டில் 1 ஜிகாபைட்தான். கார்டின் சொந்த நினைவகம் நிரம்பியதும் தகவல் அந்தக் குறுகிய சந்தில் வரிசையில் நிற்க நேரும். புதிய கணிப்பொறியில் அதைச் சோதித்தவர் கூறும் எண்ணிக்கை உங்கள் வீட்டில் கிடைக்காது.

பழைய கார்டுகளும் சந்தையில் நிறைய உள்ளன. ஈதீரியம் என்ற மின்பணத்தை உண்டாக்க இரவு பகலாக ஓடியவற்றுள் பல, 2022 செப்டம்பரில் அந்த முறை கைவிடப்பட்ட பின் விற்பனைக்கு வந்தன. அவை எல்லாமே கெட்டவை என்று சொல்ல முடியாது. விசிறி தேய்ந்திருக்கும், பசை காய்ந்திருக்கும், இரண்டையும் மாற்றிவிடலாம். விற்பவர் முன்னிலையில் கார்டைப் பொருத்தச் செய்து, கடினமான விளையாட்டு ஒன்றை அரைமணி நேரம் ஓடவிடுங்கள். திரையில் வண்ணச் சதுரங்களோ கோடுகளோ தெறிக்கின்றனவா, விசிறி கரகரக்கிறதா, வெப்பநிலை ஏறிக்கொண்டே போகிறதா அல்லது ஓரிடத்தில் நிற்கிறதா என்று கவனியுங்கள். கடிகாரத்தைப் பார்த்து, முழு அரைமணி நேரம். "அஞ்சு நிமிஷம் ஓடினா போதும் தம்பி" என்று அவர் சொன்னால், வெப்பம் நிலைபெற நேரமாகும் என்று பணிவாகச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அதன் பின்னர் பணத்தை எடுங்கள்.